செண்ட் அடித்த சோபா: வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் சில குறிப்புகள்

திண்டுக்கல் வாசனைக்குப் பஞ்சமில்லாத ஊர். விடியற்காலையில் பூ மார்க்கெட் பக்கம் போனால் நிலக்கோட்டை மல்லியும் சம்பங்கியும். மதியம் எந்தத் தெருமுனையில் நின்றாலும் சீரகச் சம்பா பிரியாணி. காற்று திசை மாறினால் தோல் ஷாப்பு வாடை. இதெல்லாம் போதாதென்று இப்போது புட்டியில் அடைத்த மணமும் சேர்ந்துவிட்டது. பழைய பீரோ, பழைய சோபா, செகண்ட் ஹேண்ட் கார் என்று எதைப் பார்க்கப் போனாலும் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் செண்டைச் சந்திக்கிறது. வீட்டிலோ தரைக்கு ஒரு மணம், பாத்ரூமுக்கு ஒரு மணம், துவைத்த துணிக்கு ஒன்று, பிளக்கில் செருகிய மெஷினுக்கு இன்னொன்று. சுத்தமான சாமானுக்கு வாசனை என்று எதுவும் இருக்காது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

பழைய சாமான் வாங்கும்போது

1. கடைக்குள் நுழைந்ததும் செண்ட் தூக்கலாக அடித்தால், "எதை மறைக்க இது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கடைக்காரரும் ஏமாற்றுகிறார் என்று சொல்லவில்லை. பழைய சாமான் வாடையைப் போக்க ஒரு ஸ்ப்ரே என்பது தொழில் வழக்கமாகவே ஆகிவிட்டது. வாய்விட்டுக் கேட்பதில் தப்பில்லை. "அண்ணே, இந்த சோபாவை ரெண்டு நாள் செண்ட் அடிக்காம வைங்க, வந்து பாத்து எடுத்துக்கிறேன்" என்றால், சாமான் மேல் நம்பிக்கை உள்ளவர் "அதுக்கென்னக்கா, வச்சிருக்கேன்" என்பார். "இப்பவே எடுத்தா ஐநூறு குறைச்சுக்கிறேன்" என்று அவசரப்படுத்தினால், அந்த ஐநூறு எதற்கு என்று புரிந்துவிடும்.

2. பழைய பொருளைக் காலையில் பாருங்கள். ராத்திரி முழுக்கப் பூட்டிக் கிடந்த கடையில் அடிவாடை தெளிவாகத் தெரியும். பீரோ என்றால் கதவைச் சாத்தி, பத்து நிமிடம் கழித்துத் திறந்து தலையை உள்ளே விட்டு மோந்து பாருங்கள். சோபா என்றால் மேல் துணியை மோந்து பயனில்லை. குஷனைத் தூக்கி அடிப்பக்கத்தை மோந்து பாருங்கள். செண்ட் மேலேதான் இருக்கும். மூத்திர வாடையும் பூசண வாடையும் நுரையின் அடியில் இருக்கும்.

3. மூட்டைப்பூச்சியை மூக்கு காட்டிக் கொடுக்காது. சோபா, மெத்தையின் தையல் ஓரங்களை விரலால் விரித்து, கைபேசி வெளிச்சத்தில் பாருங்கள். மை தெளித்ததுபோல் கறுப்புப் புள்ளிகளும் உதிர்ந்த தோல் கூடுகளும் இருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மரக்கட்டிலில் ஆணி முனைகளையும் பலகை இணைப்புகளையும் பார்க்க வேண்டும். புதிதாக வார்னிஷ் அடித்த பழைய கட்டில் என்றால் இன்னும் கவனம். செல் அரித்த ஓட்டையை வார்னிஷும் மரத்தூள் பசையும் அழகாக மூடிவிடும். விரல் கணுவால் தட்டிப் பாருங்கள், உள்ளே பொத்தலானால் சத்தமே சொல்லும்.

4. கார் விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. 2015 டிசம்பரில் சென்னை வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல், அதே மாதம் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் வெள்ளம். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான வண்டிகள் தண்ணீரில் நின்றன. இன்சூரன்ஸ் கம்பெனி 'டோட்டல் லாஸ்' என்று கழித்த வண்டி ஏலத்துக்குப் போகும். காயவைத்து, பழுது பார்த்து, பாலிஷ் போட்டு வேறு மாவட்டத்தில் விற்பனைக்கு வரும். சேற்று வாடையை அடக்க அந்த வண்டிகளுக்குத்தான் செண்ட் மிக அதிகமாகத் தேவைப்படுகிறது. எனவே செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போனால் டேஷ்போர்டு மேல் இருக்கும் வாசனைப் புட்டியை எடுத்து வெளியே வைக்கச் சொல்லுங்கள். கண்ணாடிகளை ஏற்றி அரைமணி நேரம் வெயிலில் நிறுத்திவிட்டு, பிறகு கதவைத் திறந்த அந்த முதல் மூச்சைக் கவனியுங்கள். ஈரச் சாக்கு வாடை அடித்தால் அங்கேயே சந்தேகம்.

வாடையோடு நிறுத்தாமல் கையும் போட வேண்டும். சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். வெளியே தெரியும் பகுதியைக் கழுவுவார்கள், உள்ளே இருப்பதை யாரும் நினைப்பதில்லை. ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டலும் துருவும் இருக்கிறதா? முன் சீட்டைத் தள்ளும் கம்பியில் துரு இருக்கிறதா? தரை கார்பெட்டைத் தூக்கினால் அடியில் ஈரம் இருக்கிறதா? ஸ்குரூ தலைகளின் பிளவில் மண் உறைந்திருக்கிறதா? இதில் இரண்டு சேர்ந்தால் வண்டியை விட்டுவிடுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் பதிவான ஊரையும், பழைய இன்சூரன்ஸ் க்ளெய்ம் விவரத்தையும் கேட்டு வாங்குங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டி இன்று நன்றாக ஓடலாம்; வயரிங்குக்குள் போன ஈரம் ஒரு வருஷம் கழித்து வேலையைக் காட்டும்.

5. காரில் ஏ.சி. போட்டதும் புளித்த வாடை வந்தால் வாசனைப் புட்டி மருந்தல்ல. கேபின் ஃபில்டரை மாற்றுங்கள்; ஏ.சி. தண்ணீர் வடியும் குழாய் அடைத்திருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வீடு வந்து சேர ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஏ.சி.யை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிட்டால் உள்ளே ஈரம் காய்ந்துவிடும். பூசணம் பிடிக்க இடமே இருக்காது.

6. ஸ்ப்ரே டப்பாவைக் காரில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். 50 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். கத்திரி வெயிலில் பழனி ரோட்டில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும்.

7. பழைய ஃப்ரிட்ஜ் வாங்கினால் முதலில் பார்க்க வேண்டியது பின்பக்கம், கம்ப்ரஸருக்கு மேல் இருக்கும் தண்ணீர்த் தட்டு. வருஷக்கணக்காகக் கழுவாத தட்டில்தான் பாதி நாற்றம் குடியிருக்கும். அடுத்து கதவு ரப்பரின் மடிப்பு, உள்ளே தண்ணீர் வடியும் சின்னத் துவாரம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு ஸ்பூன் சமையல் சோடா கலந்து துடைத்து, கதவைத் திறந்தே ஒரு நாள் போடுங்கள். பிறகும் வாடை இருந்தால் ஒரு தட்டில் அடுப்புக் கரியைப் பரப்பி உள்ளே வையுங்கள். ஃப்ரிட்ஜுக்குள் செண்ட் மட்டும் அடிக்கவே கூடாது. பாலும் வெண்ணெயும் எந்த மணத்தையும் இழுத்துக்கொள்ளும். மறுநாள் காபியில் ரோஜா வாடை வரும்.

8. பழைய ஏர் கூலர் வாங்குகிறவர்கள் நம் பக்கத்தில் அதிகம். புல் பேட் மக்கிப்போய் வாடை அடித்தால், தண்ணீர்த் தொட்டியில் வாசனைத் திரவம் ஊற்றும் பழக்கம் பரவியிருக்கிறது. கூலர் என்பது தண்ணீரை ஆவியாக்கிக் காற்றோடு முகத்தில் வீசும் மெஷின். ஊற்றியது அத்தனையும் ராத்திரி முழுக்க நுரையீரலுக்குத்தான் போகும். பேட்டை மாற்றுங்கள். தொட்டித் தண்ணீரை அடிக்கடி மாற்றி, வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். டெங்கு கொசு முட்டையிடவும் அதில் வழி இருக்காது.

9. பழைய புத்தகங்களைச் செண்டும் பாச்சை உருண்டையும் இல்லாமலே மீட்கலாம். காலை இளவெயிலில் விரித்து ஒரு மணி நேரம். பிறகு மூடிய பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோடு நாலைந்து நாள்.

10. ஏறிவிட்ட செண்டை இறக்க இன்னொரு செண்ட் உதவாது. வெயில், காற்று, கரி, சோடா, பொறுமை. மெத்தை, குஷனை மாடியில் நிறுத்திவைத்து இரண்டு பக்கமும் திருப்பிப் போடுங்கள். துணி உறையைச் சலவைச் சோடா கலந்த தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கலாம். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைச் சோடா ஆகாது. ஒரு வாரம் வெயில் காட்டியும் நுரைக்குள் வாடை போகவில்லை என்றால், சோபா ரிப்பேர்காரரிடம் கொடுத்து நுரையை மாற்றிவிடுவதே லாபம். சட்டம் நல்ல மரமாக இருந்தால் அந்தச் செலவு வீணல்ல.

11. வாடகை வீடு பார்க்கும்போதும் இதே சூத்திரம். உள்ளே நுழைந்ததும் ரூம் ஸ்ப்ரே வாசம் அடித்தால், சுவரின் அடிப்பாகத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால், புதுப் பெயின்ட்டுக்கு அடியில் ஓதம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு வீடு பார்ப்பது இன்னும் உத்தமம். அப்போது எந்தச் சுவரும் பொய் சொல்லாது.

வீட்டுக்குள்

12. மூக்கை ரொம்ப நம்பாதீர்கள். எந்த வாசனையும் சில நிமிடங்களில் நமக்குப் பழகிப்போகும். தோல் ஷாப்பை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு அந்த வாடை தெரிவதே இல்லை, வெளியூர் விருந்தாளி மூக்கைப் பொத்தும்போதுதான் ஞாபகம் வரும். செண்டுக்கும் இதே கதைதான். நேற்று போட்டது இன்று தெரியவில்லை என்று இன்னும் இரண்டு சொட்டு விடுகிறோம். அளவு கூடிவிட்டதா என்று வெளியிலிருந்து வரும் பிள்ளையிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேளுங்கள்.

13. புட்டியின் மேல் மல்லிகைப் படம் இருந்தால் உள்ளே மல்லிகை இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு டன் மல்லிப் பூவிலிருந்து இரண்டரை, மூன்று கிலோ மெழுகுபோன்ற வாசனைச் சாறுதான் இறங்கும். அதையும் சுத்திகரித்தால் பாதிதான் மிஞ்சும். தை முகூர்த்தத்தில் மல்லி என்ன விலை விற்கிறது என்று நிலக்கோட்டையில் கேட்டுவிட்டு, நூறு ரூபாய் புட்டியைப் பாருங்கள். மலிவான மல்லி வாசனை பெரும்பாலும் பென்சைல் அசிட்டேட் என்ற ரசாயனத்தின் வேலை. சொன்னால் நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: அதே பொருள் நிஜ மல்லியிலும் இருக்கிறது. ஆகவே 'இயற்கை' என்று எழுதியிருப்பதாலேயே எல்லாருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். வேறுபாடு அளவில் இருக்கிறது. தலையில் சூடிய பூ சாயந்திரம் வாடிவிடும். பிளக்கில் செருகிய மெஷின் மாதக்கணக்கில் நிற்காமல் விட்டுக்கொண்டே இருக்கும்.

14. லேபிளில் 'பெர்ஃப்யூம்' என்று ஒரே சொல் இருந்தால், அதற்குள் பல பத்து ரசாயனங்கள் இருக்கலாம். ஐரோப்பாவில் அழகுசாதனப் பொருள்களில் ஒவ்வாமை தரக்கூடிய 26 வாசனைப் பொருள்களைப் பெயர் சொல்லி அச்சிட வேண்டும் என்று விதி வைத்தார்கள்; 2023-இல் அந்தப் பட்டியலை 80-க்கு மேல் நீட்டிவிட்டார்கள். வீட்டில் யாருக்காவது தும்மல், தலைவலி, கை அரிப்பு, வீசிங் அடிக்கடி வந்தால், டாக்டரைப் பார்ப்பதோடு இரண்டு வாரம் எல்லா வாசனைப் பொருளையும் நிறுத்திப் பாருங்கள். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரிந்துவிடும்.

15. எலுமிச்சை மணம் வீசும் ஸ்ப்ரேயிலும் தரைத் திரவத்திலும் இருப்பது லிமோனின். காற்றில் இருக்கும் ஓசோனோடு சேரும்போது அதிலிருந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகும். கதவு ஜன்னல் சாத்திய அறையில் இது தேங்கும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஜன்னலைத் திறந்துவிட்டு அடியுங்கள். ஜன்னலைத் திறந்தாயிற்று என்றால் பாதி நேரம் அடிக்கவே தேவையிருக்காது.

16. பாச்சை உருண்டை என்கிற நாப்தலின், நினைப்பதைவிடக் கடுமையானது. ஜி6பிடி என்ற என்சைம் குறைவுள்ள குழந்தைகளுக்கு, நாப்தலின் வைத்திருந்த துணியைப் போர்த்தியதாலேயே ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்து, மஞ்சள் காமாலை கண்டதுண்டு. குறைவு இருப்பது முன்கூட்டித் தெரியாது. ஆகவே பிறந்த குழந்தைக்கு, பாட்டி பீரோவிலிருந்து எடுத்த பழைய பருத்திச் சேலையைத் தொட்டிலாகக் கட்டுமுன், துவைத்து இரண்டு நாள் வெயிலில் போட்டே ஆக வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2002-இல் நாப்தலினைப் 'புற்றுநோய் உண்டாக்கக் கூடும்' என்ற வகையில் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் இந்த உருண்டையின் விற்பனையையே நிறுத்தியது. வாஷ் பேசினில் போடும் வண்ண உருண்டையையும் சேலை மடிப்பில் வைக்காதீர்கள்.

17. அப்படியானால் சின்னாளபட்டிச் சேலைகளுக்கு என்ன வைப்பது? வசம்பு, கிராம்பு, காய்ந்த வேப்பிலையை மெல்லிய துணியில் முடிந்து வைக்கலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அதைவிட முக்கியம், அழுக்கும் வியர்வையும் இல்லாமல் துவைத்து, ஈரம் துளியும் இல்லாமல் மடிப்பது. பூச்சி தேடி வருவது அழுக்கைத்தான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை நிழலில் உதறி, மடிப்பை மாற்றி மடியுங்கள். பட்டின் மேல் செண்ட் நேராக அடித்தால் கறை விழும், ஜரிகை கறுக்கும்.

18. துணி அலசும்போது கடைசியில் ஊற்றும் வாசனைத் திரவம் துவாலைகளுக்கு வேண்டாம். நூலின் மேல் வழவழவென்று ஒரு பூச்சு ஏறி, துவாலை தண்ணீரை இழுக்காமல் போகும். வெயில் குறைவில்லாத ஊரில் கொடியில் போட்டு எடுத்த துணிக்கு அது எதற்கு?

19. கற்பூரத்தைச் சூடேற்றும் மின்சார மெஷினைக் குழந்தை தூங்கும் மூடிய அறையில் வைக்காதீர்கள். தொட்டிலில் கற்பூரம் முடிந்து கட்டுவதும் வேண்டாம். குழந்தை வாயில் போட்டுவிட்டால் சிறிதளவே வலிப்பை வரவழைக்கும். உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய விஷயம் அது.

20. குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டுவதைப் பற்றி வீட்டுப் பெரியவர்களோடு சண்டை போடச் சொல்லவில்லை. ஆனால் புகை முகத்தில் படாமல், கதவைத் திறந்துவைத்து, தூரத்தில் காட்டச் சொல்லலாம். "அத்தே, ஜன்னல் பக்கமா வச்சுக்கங்க" என்றால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கரி வைத்த கப் சாம்பிராணி மூடிய அறையில் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சேரும். ஊதுபத்தி இரண்டு போதும், கட்டாகக் கொளுத்த வேண்டாம். வாசனை கொசுவர்த்திச் சுருள் இதைவிட மோசம். 2003-இல் வந்த ஓர் ஆய்வின்படி, ஒரு சுருள் எரிந்து தீர்வதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம். கொசுவலை பழைய சரக்கு என்று ஒதுக்காதீர்கள்.

21. தெருவில் சைக்கிளில் வரும் வாசனை ஃபினாயிலைப் பழைய தண்ணீர் பாட்டிலிலும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலிலும் ஊற்றி வாங்குவதை இன்றோடு விடுங்கள். நிறமும் மணமும் பார்த்துக் குழந்தை குடித்துவிடும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகக் கலந்து கக்கூஸ் கழுவாதீர்கள். கிளம்புவது குளோரின் வாயு. மேலே எவ்வளவு லாவெண்டர் ஊற்றினாலும் அது அடங்காது.

22. பாத்ரூம் நாற்றத்துக்கு ஃப்ரெஷ்னர் தொங்கவிடுமுன் ஒரு சொம்புத் தண்ணீரைத் தரை ஓட்டையில் ஊற்றிப் பாருங்கள். சாக்கடை வாடை மேலே வராமல் தடுப்பது, ஓட்டைக்கு அடியில் வளைந்த பகுதியில் தேங்கியிருக்கும் அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான். காமராஜர் அணை வறண்டு குடிநீர் முறை வைத்து வரும் கோடையில், நாம் சிக்கனமாகச் செலவழிக்க, அந்த வளைவும் வறண்டுவிடும். பூட்டிய வீட்டுக்குத் திரும்பியதும் அடிக்கும் நாற்றத்துக்கும் இதுவே காரணம். துணி அலசிய தண்ணீரை அதில் ஊற்றினாலே போதும். ஊற்றியும் வாடை போகாவிட்டால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

23. நல்ல மணம் வேண்டும் என்று ஆசைப்படுவதில் குற்றமில்லை. பித்தளை உருளியில் தண்ணீர் விட்டு ஒரு கைப்பிடி சம்பங்கி. பானைத் தண்ணீரில் வெட்டிவேர் முடிச்சு. வெயில் காலத்தில் ஜன்னலில் நனைத்துக் கட்டிய வெட்டிவேர்த் தட்டி. விருந்தாளி வருகிறார் என்றால் வாசலைத் தெளித்து, காபிக்கொட்டையை வறுத்தால் ஆயிற்று. பூத் தண்ணீரை அன்றன்றே மாற்ற வேண்டும். ஒரு நாள் விட்டால் அழுகல் வாடைக்கு நீங்களே செண்ட் தேடுவீர்கள்.

24. சில வாடைகளை மறைத்தால் உயிருக்கே ஆபத்து. சுவிட்ச் போர்டுப் பக்கம் மீன் கவுச்சி போலவோ கருகல் போலவோ வாடை வந்தால், ஊதுபத்தி ஏற்றாமல் மெயினை அணைத்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சமையல் கேஸுக்குச் சொந்தமாக வாடையே கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். அடுப்படியில் ஒரு மணக்கும் மெஷின், பக்கத்துப் பூஜை அறையில் கட்டாக ஊதுபத்தி என்றிருந்தால் அந்த எச்சரிக்கை மூக்கை எட்டாமலே போகலாம். ஆகவே அடுப்படியை வாசனைப் பொருள் எதுவும் இல்லாமல் விட்டுவிடுங்கள். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, விளக்குகளை ஊதி அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வாருங்கள். எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ கூடாது, எக்ஸாஸ்ட் ஃபேன் உட்பட. காற்றைவிடக் கனமான வாயு என்பதால் தரையோடு தேங்கி நிற்கும். ஜன்னலோடு நிறுத்தாமல் கதவையும் திறப்பது அதனால்தான். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். நாடு முழுவதற்குமான கேஸ் கசிவு அவசர எண் அது. அடுப்படிச் சுவரில் இன்றைக்கே எழுதி ஒட்டிவிடுங்கள்.